அன்றைய விலையை பில் ஐட்டத்திலேயே வையுங்கள்

கடை பில்லிங்குக்கு டேட்டாபேஸ் வடிவமைக்கிறீர்களா? ஒரு பில்லில் பல பொருள், ஒரு பொருள் பல பில்லில். அதனால் நடுவே 'பில் ஐட்டம்' டேபிள் தேவை: பில் எண், வரிசை எண் இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது), கூடவே பொருள் குறியீடு, அளவு.

பலர் இதோடு நிறுத்திவிட்டு, விலையையும் ஜிஎஸ்டி விகிதத்தையும் பொருள் டேபிளிலிருந்தே எடுப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருட்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமானது. பொருள் டேபிளில் அதை மாற்றியதும், ஆகஸ்ட் பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் தொகை குறைந்து வரும். ஆகவே விற்ற அன்றைய விலை, விகிதம் இரண்டையும் பில் ஐட்டத்தில் பதியுங்கள். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்ற நார்மலைசேஷன் விதியின் மீறல் அல்ல இது. இன்றைய விலை வேறு, விற்ற விலை வேறு. பணத்துக்கு ஃப்ளோட் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வேண்டாம், டெசிமல் (துல்லியமாக வைக்கும் வகை) போடுங்கள். இல்லையென்றால் கூட்டும்போது பைசா இடிக்கும்.