ஆலைக்குப் புதுசா? ரப்பர் பால் ஆலை ஆப்பரேட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பா அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள், பிள்ளை அதே பாலைச் சுத்திகரிக்கும் ஆலையில் ஆப்பரேட்டர். மலேசியாவின் சுங்கை பட்டாணி வட்டாரத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்க்கலாம். தோட்டத்துப் பாலில் ரப்பர் ஏறக்குறைய 30 சதவீதம்தான். அதைச் சென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழல் இயந்திரத்தில் சுற்றி 60 சதவீதமாக்கி கிளவ் (கையுறை) ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். பால் உறையாமல் இருக்க அமோனியா, மிஞ்சும் ரப்பர் குறைந்த ஸ்கிம் பாலை உறைய வைக்க கந்தக அமிலம். ஆபத்து இந்த இரண்டிலும் இருக்கிறது.

முதல் தவறு, அமோனியா விஷயத்தில் மூக்கை நம்புவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண் எரியும், மூக்கில் நீர் கொட்டும். கொஞ்ச நாளில் ஒன்றுமே தெரியாது. “வாடையே இல்லண்ணே” என்பார்கள். வாடை இருக்கிறது, மூக்குதான் மரத்துப்போய்விட்டது. காற்றில் உள்ள வாயுவை அளக்கும் கேஸ் மீட்டர் சொல்வதுதான் கணக்கு. இன்னொன்று, அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்ற நினைப்பு. மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவ அமோனியா ஹோஸ் இணைப்பில் கசிந்தால், குளிர்ந்த வெள்ளைப் புகையாகத் தரையோடு தரையாகத்தான் பரவும். காற்றின் திசை காட்டும் காற்றுப் பையைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்கே விலகி ஓட வேண்டும். அவசரத்துக்குப் பித்தளை வால்வு மாட்டுவதும் வேண்டாம். செம்பு, பித்தளையை அமோனியா அரித்துவிடும்.

இதைவிடக் கொடியது கழிவுக் குழி. அமிலத்தோடு போன சல்பேட்டை, காற்றில்லாத சேற்றில் வாழும் கிருமிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவைத் தொட்டால் மோப்ப நரம்பு செயலிழந்து நாற்றமே நின்றுவிடும். “சரி, வாடை போயிருச்சு” என்று பம்பை எடுக்க உள்ளே இறங்குபவர் அங்கேயே விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். உலகம் முழுக்க இப்படிப்பட்ட குழி விபத்துகளில் காப்பாற்றப் போனவர்களும் நிறையப் பேர் சாகிறார்கள். இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களுக்கான மலேசியாவின் 2010 வழிகாட்டியின்படி பெர்மிட் இல்லாமல் இறங்கக் கூடாது. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வெளியே பயிற்சி பெற்ற ஒருவர் காவல் நிற்க வேண்டும். அந்தக் காவலாள் எந்தக் காரணத்துக்கும் குழிக்குள் இறங்கக் கூடாது. ஆட்கள் குறைவு என்று அவரையே வேறு வேலைக்கு அனுப்பும் சூப்பர்வைசரிடம், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிடுங்கள்.

சென்ட்ரிஃபியூஜ் கழுவும்போது, சுவிட்சை அணைத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். மோட்டார் நின்ற பிறகும் உள்ளிருக்கும் பவுல் (சுழலும் கிண்ணம்) நெடுநேரம் சுற்றும். வேறு யாரும் ஓட விடாதபடி சுவிட்சில் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டிலேயே வையுங்கள். அமிலம் கலக்கும்போது எப்போதும் தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீர் இல்லை. கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் கழுவாமல் கிளினிக்குக்கு வண்டி ஏறாதீர்கள்.

அப்புறம் மணிக்கு மணி அளவு குறிக்கும் அந்த லாக் ஷீட். இரவு ஷிப்டில் எல்லா மணிக்கும் ஒரே அளவு எழுதியிருந்தால், எவரும் டேங்க் பக்கம் போகவில்லை என்று அர்த்தம். மேனேஜருக்குக்கூட இது தெரியும், தணிக்கை நாள்வரை கண்டுகொள்ள மாட்டார். ஷிப்ட் கைமாற்றும்போதும் இதே கதைதான். மூன்றாம் டேங்க் வால்வு பாதி மூடியிருப்பதை, மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டே கேட்டில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். புத்தகத்தில் எழுதி, அடுத்த ஷிப்ட்காரரை அழைத்துப்போய் அந்த வால்வையே காட்டுங்கள்.