பழைய லைப்ரரிகளும் டைம்அவுட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் எப்போதோ அடிபட்ட அதே இடத்தில் அடிபடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. டைம்அவுட் (பதிலுக்கு இத்தனை விநாடிதான் காத்திருப்பது என்ற வரம்பு) வைக்கவே மறப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். வைக்கிறவர்கள் தவறான இடத்தில் வைப்பதுதான் என் கவலை.

மொத்த புரோகிராமுக்கும் ஒரே டைம்அவுட்

பைத்தானில் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (வேறொரு கணினியில் இருக்கும் ஃபங்ஷனை நெட்வொர்க் வழியாக அழைக்கும் பழைய முறை) வழியாக ஓடூ போன்ற வணிக மென்பொருளோடு பேச வேண்டியிருக்கிறது. அதற்கான லைப்ரரியில், சர்வரோடு பேச உதவும் சர்வர்பிராக்ஸி கிளாஸில் டைம்அவுட் கொடுக்க இடமே இல்லை. தேடினால் ஒரு வரி கிடைக்கும்: சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் ஒரு முனை) மாட்யூலின் செட்டிஃபால்ட்டைம்அவுட். 10 விநாடி என்று போட்டதும் எல்லாம் சரியானது போலத் தெரியும்.

பைத்தான் 2.3-இல் வந்த இந்த ஃபங்ஷன், அதன் பிறகு அந்த புராசஸில் (ஓடிக்கொண்டிருக்கும் மொத்த புரோகிராமில்) உருவாகும் எல்லா சாக்கெட்டையும் பிடித்துக்கொள்ளும். தனக்கென்று டைம்அவுட் வைத்துக்கொண்டவை மட்டுமே தப்பும். உங்கள் கோப்பின் தலையில் இதை எழுதிவிட்டால், யாராவது அந்தக் கோப்பை இம்போர்ட் செய்தாலே போதும், இது அமலுக்கு வந்துவிடும்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி, ஸ்டாக் விவரம் எடுக்கும் கோப்பில் இதைப் போட்டார். ஸ்டாக் ஒழுங்காக வந்தது. அதே புராசஸ்தான் இரவில் ஒரு வாடிக்கையாளருக்கு எஃப்டிபியில் பில் கோப்பு அனுப்பும். அவர்கள் சர்வர் கோப்பை வாங்கிச் சரிபார்த்த பிறகே 226 (கோப்பு வந்து சேர்ந்தது) என்று பதில் தரும், பெரிய கோப்பென்றால் அதற்கு நேரம் பிடிக்கும். எங்கள் புரோகிராம் 10 விநாடியில் கைவிட்டு, தோல்வி என்று பதிந்து, மறுபடி அனுப்பியது. ஒரே பில் திரும்பத் திரும்பப் போய்ச் சேர்ந்தது. பிழைச் செய்தியில் எஃப்டிபி என்று இருந்ததால் எல்லோரும் எஃப்டிபியையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். பில்களை ஒவ்வொன்றாக ரத்து செய்து கணக்குப் பிரிவு பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் சரியான வழி நாலைந்து வரிதான்.

எக்ஸ்எம்எல்-ஆர்பிசி லைப்ரரியில் இணைப்பை உருவாக்கும் டிரான்ஸ்போர்ட் கிளாஸை நீட்டித்து ஒரு கிளாஸ் எழுதுங்கள். மேக்_கனெக்‌ஷன் திருப்பித் தரும் இணைப்பில் டைம்அவுட்டை 30 என்று வைத்து, அந்த டிரான்ஸ்போர்ட்டை சர்வர்பிராக்ஸிக்குக் கொடுங்கள். எச்டிடிபிஎஸ் என்றால் அதற்குப் பதில் சேஃப்டிரான்ஸ்போர்ட்டை நீட்டியுங்கள். வேறு எந்த இணைப்பையும் இது தொடாது. எஃப்டிபி, எஸ்எம்டிபி லைப்ரரிகளில் பைத்தான் 2.6 முதலே தனி டைம்அவுட் உண்டு, அதையே பயன்படுத்துங்கள்.

30 விநாடி என்றால் மொத்தமே 30 விநாடி என்று நம்புவது

சாக்கெட் டைம்அவுட் ஒவ்வொரு ரீடுக்கும் (ஒவ்வொரு முறை தரவு படிக்கும்போதும்) புதிதாக எண்ணத் தொடங்கும். 20 விநாடிக்கு ஒரு பைட் தரும் சர்வர் உங்களை மணிக்கணக்கில் காக்க வைக்கலாம். மொத்த நேரத்துக்கு வரம்பு வேண்டுமென்றால் அந்த வேலையைத் தனி புராசஸில் ஓட்டி, நேரம் முடிந்ததும் நிறுத்துங்கள்.

திரெட்டுக்குள் சிக்னல் அலாரம்

குறித்த நேரத்தில் புரோகிராமை இடைமறிக்கும் இந்த வசதி, பைத்தானில் மெயின் திரெட்டில் (புரோகிராமின் முதல் இழையில்) மட்டுமே வேலை செய்யும்.

டிஎன்எஸ்ஸை மறப்பது

சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற டிஎன்எஸ் எடுக்கும் நேரம் சாக்கெட் டைம்அவுட்டில் அடங்காது.

வேகமான சர்வரில் மட்டும் சோதிப்பது

நெட்கேட் என்ற சிறு நெட்வொர்க் கருவியை ஒரு போர்ட்டில் காத்திருக்கவிட்டு, பதிலே தராமல் வைத்து, உங்கள் புரோகிராமை அதோடு இணையுங்கள். எத்தனை விநாடியில் கைவிடுகிறது, கைவிட்ட பிறகு என்ன செய்கிறது என்று இரண்டையும் பாருங்கள்.