வெளிநாட்டு விடுமுறை வீட்டை எட்டுப் பங்காக விற்பது எப்படி: பில்டர்களுக்கு ஒரு செய்முறை

வீடு கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு: கட்டு, பத்திரம் பதி, சாவியைக் கொடு, அடுத்த மனைக்குப் போ. ஃப்ராக்‌ஷனல் ஓனர்ஷிப்பில் (ஒரே வீட்டைப் பலர் பங்கு போட்டு வாங்குவதில்) காலை வாரிவிடுவது இந்தப் பழக்கம்தான். ஒரே வீட்டுக்கு எட்டுக் குடும்பங்கள் உரிமையாளர்கள் என்றால், சாவி கொடுத்த அன்றுதான் வேலையே தொடங்குகிறது. ஆகஸ்டில் யார் வருவது, ஏசி பழுதானால் யார் காசு, ஒருவர் கட்டணம் கட்டாமல் இழுத்தடித்தால் என்ன, இன்னொருவர் விலக நினைத்தால் எப்படி? இதற்கெல்லாம் விற்பதற்கு முன்பே எழுத்தில் பதில் வேண்டும். அதை வரிசையாகப் பார்ப்போம்.

நாட்டைத் தேர்ந்தெடுப்பது

கடற்கரையைப் பார்த்து மனை வாங்கிவிட்டு, பிறகு சட்டத்தைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். முதலில் பார்க்க வேண்டியது, வெளிநாட்டவர் அங்கே எதை வாங்க முடியும் என்பதை. தாய்லாந்தில் வெளிநாட்டவர் பெயரில் பொதுவாக நிலம் வாங்க முடியாது. காண்டோமினியத்தில் (அடுக்ககத்தில்) வெளிநாட்டவர் எல்லோரும் சேர்ந்து மொத்தத் தளப் பரப்பில் 49% வரை வாங்கலாம். வில்லா வேண்டுமானால் நிலத்தைக் குத்தகைக்குத்தான் எடுக்க வேண்டும். பதிவு செய்யும் குத்தகைக்கு 30 ஆண்டு உச்சவரம்பு. மெக்ஸிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர், நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புச் சொத்தை வெளிநாட்டவர் நேரடியாக வாங்க முடியாது. வங்கி அறக்கட்டளை வழியாகத்தான், அதுவும் 50 ஆண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் ஆண்டுக்கு இத்தனைதான் என்ற ஒதுக்கீட்டுக்குள் அனுமதி வாங்க வேண்டும். நியூஸிலாந்து 2018லேயே பெரும்பாலான வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்திவிட்டது. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை பழைய வீடுகளை வெளிநாட்டவர் வாங்கத் தடை போட்டது. புதிதாகக் கட்டுவதற்கு வழி உண்டு, அதற்கும் அனுமதி வேண்டும்.

அடுத்து, வாங்குபவர் இருக்கும் நாடு. பணத்தை வெளியே அனுப்ப வரம்பு இருக்கிறதா? இந்தியாவில் வசிக்கும் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். சீனாவில் வரம்பு ஆண்டுக்கு 50,000 டாலர், சொத்து வாங்க அதைப் பயன்படுத்தவும் கூடாது. ஒரு பங்கின் விலை எந்த எண்ணைத் தாண்டக்கூடாது என்பதைச் சில சமயம் இந்த வரம்பே முடிவு செய்துவிடும்.

விசாவைப் பற்றி விற்பனைப் பேச்சில் ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. பங்கு வாங்கினால் வசிப்பிட அனுமதி வராது. ஷெங்கன் நாடுகளில் (பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகளில்) 180 நாளில் 90 நாள் என்ற கணக்கு பங்குதாரருக்கும் பொருந்தும். சொத்து வாங்கினால் கிடைத்த வசிப்பிட அனுமதியான கோல்டன் விசாவையும் ஸ்பெயின் 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டது.

யார் பெயரில் பத்திரம்?

எட்டுப் பேர் பெயரையும் பத்திரத்தில் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் பிரிக்கப்படாத கூட்டுச் சொத்தில் தொடர்ந்து இருக்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது ஐரோப்பிய சிவில் சட்டங்களின் அடிப்படை. ஒருவர் நீதிமன்றம் போய்ப் பாகப்பிரிவினை கேட்டால், வீட்டைத் துண்டு போட முடியாது என்பதால் ஏலத்தில் போய் நிற்கும். பிரிக்காமல் வைத்திருப்பதாக ஒப்பந்தம் போடலாம். ஸ்பெயினில் அதிகபட்சம் 10 ஆண்டு, பிரான்சில் 5 ஆண்டு, அதன்பின் புதுப்பிக்க வேண்டும். ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் அத்தோடு முடிந்தது.

அதனால் வழக்கமான ஏற்பாடு, வீடு இருக்கும் நாட்டிலேயே ஒரு கம்பெனி பதிந்து, அதன் பெயரில் வீட்டை வாங்கி, கம்பெனியின் பங்குகளை எட்டாகப் பிரிப்பது. ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனி. செலவு மிச்சம் என்று மூன்று வீட்டை ஒரே கம்பெனியில் போட்டால், ஒரு வீட்டின் நீச்சல் குளத்தில் நடந்த விபத்துக்கான நஷ்டஈடு மற்ற இரண்டு வீட்டுக்காரர் தலையிலும் விடியும். கம்பெனி பெயரில் அடமானக் கடனும் வேண்டாம். இருவர் தவணை தவறினால் மீதி ஆறு பேரின் வீடும் ஜப்திக்குப் போகும். கடன் தேவைப்படுபவர் சொந்தப் பொறுப்பில் வெளியே வாங்கிக்கொள்ளட்டும்.

கம்பெனி வழிக்கும் செலவு உண்டு. பிரான்சில் சொத்து வைத்திருக்கும் கம்பெனி, பங்குதாரர் விவரங்களை ஆண்டுதோறும் மே 15க்குள் தாக்கல் செய்யாவிட்டால் சந்தை மதிப்பில் 3% வரி விழலாம். அங்கே சொத்தையே பிரதானமாக வைத்திருக்கும் கம்பெனியின் பங்கைக் கைமாற்றினால் 5% பதிவு வரி. பங்குதாரர்கள் வாடகையில்லாமல் தங்குவதை, கம்பெனிக்கு வர வேண்டிய வருமானமாக வரித்துறை பார்க்கும் நாடுகளும் இருக்கின்றன. உள்ளூர் வரி ஆலோசகரிடம் எழுத்தில் கருத்து வாங்காமல் விலைப்பட்டியல் அச்சடிக்காதீர்கள்.

டைம்ஷேரா, முதலீடா, வீடா?

விளம்பரத்தில் என்ன எழுதினாலும், ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் சட்டம் பெயர் வைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008/122/இசி உத்தரவுப்படி, ஓராண்டுக்கு மேல் நீடித்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை இரவு தங்கும் உரிமையைப் பணத்துக்குத் தரும் ஒப்பந்தம் டைம்ஷேர் (ஆண்டில் சில நாள் தங்கும் உரிமையை விற்பது) ஆகிவிடலாம். அதற்குள் வந்தால் வாங்குபவருக்குக் காரணம் சொல்லாமல் விலக 14 நாள் உண்டு. அந்த 14 நாளில் முன்பணம் வாங்கக் கூடாது. மூன்றாம் நபர் கணக்கில் வைத்திருந்தாலும் தவறுதான். டோக்கன் அட்வான்ஸ் வாங்கிப் பழகிய விற்பனைக் குழு முதலில் மாட்டுவது இங்கேதான். விலகும் உரிமைக்கான படிவத்தைக் கொடுக்க மறந்தால், 14 நாள் ஓராண்டும் 14 நாளுமாக நீளும்.

கால அளவும் முக்கியம். ஸ்பெயினின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் டைம்ஷேருக்கு 3 முதல் 50 ஆண்டு என்று வரம்பு வைத்தது. அதை மீறி 'என்றென்றைக்கும்' என்று விற்ற ஒப்பந்தங்கள் செல்லாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. அதன் பிறகு வழக்குகள் குவிந்தன.

அமெரிக்காவில் சிக்கல் வேறு. ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோப்பைக் கீற்றுக் கீற்றாக விற்று, பராமரிப்பையும் விற்பவர் தரப்பே ஏற்றுக்கொண்ட ஹோவி வழக்கில், 1946இல் உச்ச நீதிமன்றம் அதை நிலம் என்று பார்க்கவில்லை; முதலீட்டுப் பத்திரம் என்றது. பிறர் உழைப்பில் லாபம் எதிர்பார்த்துப் பணம் போட்டால் அது முதலீடு. ஆகவே 'ஆண்டுக்கு இத்தனை சதவீத வாடகை வருமானம்' என்று ஒரு துண்டுப் பிரசுரம் போதும், பங்குச் சந்தைச் சட்டங்கள் வீட்டுக்குள் வர. வாடகையைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. பார்சிலோனா 2028 நவம்பருக்குள் சுற்றுலா அடுக்ககங்களின் உரிமங்கள் எல்லாவற்றையும் முடிவுக்குக் கொண்டுவர முடிவெடுத்திருக்கிறது. ஸ்பெயின் முழுவதும் 2025 ஏப்ரல் முதல், அடுக்ககத்தில் புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்க உரிமையாளர் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும்.

வாடகைக்கு விடாவிட்டாலும் அக்கம்பக்கத்தார் எதிர்க்கலாம். கலிஃபோர்னியாவின் செயின்ட் ஹெலினா நகரத்தில் எட்டுப் பங்கு வீடுகள் டைம்ஷேர்தான், எங்கள் ஊரில் தடை என்று நகர நிர்வாகம் சொல்ல, 2021இல் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. மனை வாங்கும் முன்பே நகராட்சியிடமும், அடுக்ககம் என்றால் சங்க விதிகளிலும் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

விலையும் ஆண்டுக் கட்டணமும்

ஒரு மாதிரிக் கணக்கு. ஸ்பெயினில் 6,00,000 யூரோவுக்கு மூன்று படுக்கையறைப் புது வீடு. புது வீட்டுக்கு 10% வாட் (மதிப்புக் கூட்டு வரி), 60,000. முத்திரை வரி, நோட்டரி, பதிவு, வக்கீல் சேர்த்து 15,000. மரச்சாமான், திரை, பாத்திரம் 45,000. கம்பெனி பதிவு 8,000. ஆரம்பக் கையிருப்பு 16,000. ஆக 7,44,000, எட்டால் வகுத்தால் பங்குக்கு 93,000. உங்கள் லாபம் 12% என்றால் பங்கு விலை 1,04,160. இந்த 12 சதவீதத்தைத் தனி வரியாகக் காட்டுங்கள். சந்தையில் 6 லட்சத்துக்குக் கிடைக்கும் வீடு ஏன் 8.33 லட்சம் ஆனது என்று வாங்குபவரின் வக்கீல் எப்படியும் கேட்பார்.

ஆண்டுச் செலவு: சொத்து வரி 2,400, காப்பீடு 1,600, குளமும் தோட்டமும் 4,800, மின்சாரம்-தண்ணீர்-இணையம் 5,200, மேலாளர் 8,400, கணக்கரும் கம்பெனித் தாக்கலும் 3,000, சில்லறைப் பழுது 2,400, கையிருப்பு நிதி 7,400. மொத்தம் 35,200, பங்குக்கு 4,400. ஒவ்வொரு தங்கலுக்கும் துப்புரவுச் செலவு தனி, தங்கியவர் தருவார்.

பெரும்பாலோர் கைவைக்கும் இடம் அந்தக் கையிருப்பு நிதி. கட்டணம் குறைவாகத் தெரிய வேண்டுமென்று 7,400ஐ 2,000 ஆக்கிவிடுகிறார்கள். ஆனால் ஆண்டு முழுக்க ஆட்கள் மாறி மாறித் தங்கும் வீட்டில் மெத்தையும் சோபாவும் சுமார் 7 ஆண்டுதான் தாங்கும் என்று வையுங்கள். 45,000 யூரோ சாமானை மாற்ற அதற்கே ஆண்டுக்கு 6,400 ஒதுக்க வேண்டும், கூரையும் குழாயும் அப்புறம். குறைத்துக் காட்டினால் ஐந்தாம் ஆண்டில் திடீரென்று ஆளுக்கு ஐயாயிரம் கேட்க நேரும். சண்டை தொடங்குவதும் பங்கு விற்பனைக்கு வருவதும் அந்தக் கடிதத்தோடுதான்.

நாட்காட்டி

52 வாரத்தில் 4 வாரம் பராமரிப்புக்கு. மீதி 48, பங்குக்கு 6 வாரம். சிக்கல் உச்சப் பருவத்தில்தான். மத்தியதரைக் கடலோரம் என்றால் ஜூலை-ஆகஸ்டின் 9 வாரம், கிறிஸ்துமஸ்-புத்தாண்டு 2, ஈஸ்டர் 1, ஆக 12 வாரம்.

முந்துபவருக்கு முன்னுரிமை என்று விட்டால், இணையத்தின் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவரே எல்லாவற்றையும் அள்ளுவார். வேலை செய்யும் முறை இது: முதல் சுற்றில் 1 முதல் 8 வரை வரிசையில் ஆளுக்கு ஒரு வாரம் தேர்வு, இரண்டாம் சுற்று தலைகீழாக, 8 முதல் 1 வரை. எல்லோரும் உச்ச வாரத்தையே எடுத்தாலும் முதல் சுற்றில் எட்டு போகும், மீதி நான்கு 8, 7, 6, 5ஆம் இடத்தாருக்குக் கிடைக்கும். கடைசியில் நின்றவருக்கு ஈடு கிடைத்துவிடுகிறது. அடுத்த ஆண்டு ஒவ்வொருவரையும் ஒரு இடம் தள்ளாமல் மூன்று இடம் தள்ளுங்கள். 1, 4, 7, 2, 5, 8, 3, 6 என்று சுற்றும். யாருக்கும் கடைசி மூன்று இடங்கள் (6, 7, 8) அடுத்தடுத்த ஆண்டுகளில் வராது, எட்டு ஆண்டில் எல்லோரும் எல்லா இடத்தையும் பார்த்திருப்பார்கள். ஒரே ஆண்டில் ஒருவருக்கு இரண்டு உச்ச வாரத்துக்கு மேல் கூடாது. 30 நாளுக்கு முன்புவரை யாரும் எடுக்காத வாரம் எல்லோருக்கும் திறந்துவிடப்படும்.

கட்டும்போதே செய்ய வேண்டியவை

பில்டருக்கு இயல்பாகக் கைவரும் பகுதி இது. எட்டுக் குடும்பமும் தங்கள் துணி, விளையாட்டுச் சாமானை விட்டுப் போக விரும்பும், 60 செ.மீ. அகலப் பூட்டு அலமாரி எட்டுக்கு 4.8 மீட்டர் சுவர் தேவை. வரைபடத்திலேயே ஒதுக்காவிட்டால் பிறகு ஒரு படுக்கையறைதான் பலியாகும். ஒரு பெரிய அறை, இரண்டு சின்ன அறை என்று வைக்காமல் இரண்டு அறையையாவது சமமாகக் கட்டுங்கள். இரு குடும்பம் சேர்ந்து வரும்போது பிரச்சினை வராது. கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு: ஒன்று விரித்தது, ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். காலை 10 மணிக்குக் காலி, மாலை 4 மணிக்கு நுழைவு. இடையில் ஆறு மணி நேரத்தில் துப்புரவு முடிய வேண்டுமென்றால் சலவை வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டும். கதவுக்கு எண் பூட்டு, தங்கலுக்குத் தங்கல் மாறும் குறியீடு.

ஒப்பந்தத்தில் விடுபடக் கூடாதவை

கட்டணம் 30 நாள் தாமதமானால் வட்டி, 60 நாளில் தங்கும் உரிமை நிறுத்தம், 90 நாளில் அந்தப் பங்கை விற்கும் அதிகாரம் கம்பெனிக்கு. பங்கை விற்க நினைப்பவர் முதல் ஓராண்டு பொறுக்க வேண்டும். பிறகு மற்ற எழுவரிடம் 30 நாள் கேட்டுவிட்டு, தான் விரும்பும் ஏஜெண்ட் மூலம் யாருக்கும் விற்கலாம். உங்கள் மூலமாகத்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் மறுவிற்பனை விலை சரியும், பெயரும் கெடும். இறந்தவரின் வாரிசுகள் நால்வர் என்றாலும் பங்குக்கு ஒரே பிரதிநிதி, ஒரே ஓட்டு. 10ஆம் ஆண்டில் முழு வீட்டையும் விற்பதா என்று கட்டாய வாக்கெடுப்பு. எட்டில் ஆறு பேர் ஆம் என்றால் விற்பனை. இந்தக் கடைசி விதி இல்லாத கம்பெனிகளில் வயதான பங்குதாரர்கள் வெளியேற வழியின்றி மாட்டிக்கொள்கிறார்கள்.

விற்பனை வரிசை

எட்டில் ஐந்து பங்குக்குக் கையெழுத்து ஆகும்வரை வீட்டைக் கம்பெனி பெயருக்கு மாற்றாதீர்கள். கையெழுத்து, 14 நாள் காத்திருப்பு பொருந்தினால் அது, பிறகு எஸ்க்ரோ கணக்கில் (பொதுவான மூன்றாம் நபர் வைத்திருக்கும் கணக்கில்) பணம், ஐந்து சேர்ந்ததும் பத்திரம். ஆறு மாதத்தில் ஐந்து சேராவிட்டால் பணம் முழுவதும் திரும்பும் என்று ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடுங்கள்.

விற்காமல் உங்களிடம் நிற்கும் பங்குக்கும் ஆண்டுக் கட்டணம் நீங்களே கட்ட வேண்டும். மூன்று பங்கு என்றால் மேற்கண்ட கணக்கில் 13,200 யூரோ. அந்தப் பங்குகளின் வாரங்களை வருங்கால வாடிக்கையாளர்களுக்கு இலவசத் தங்கலாகக் கொடுப்பது பலருக்கும் தோன்றும் யோசனை; வாங்கிவிட்ட ஐவரும் அதை ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டிருக்க வேண்டும். மேலாளரை நியமிப்பது, நீக்குவது பற்றிய வாக்கெடுப்பில் உங்கள் பங்குகளுக்கு ஓட்டு வேண்டாம். உங்கள் துணை நிறுவனமே மேலாளராக இருந்தால், ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மட்டும். மூன்றாம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் வேறு இரண்டு நிறுவனங்களின் விலைப்புள்ளிகளோடு ஒப்பிட்டு முடிவெடுக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு முன் வயரிங் வரைபடம், குழாய் வரைபடம், உத்தரவாத அட்டைகள், சாமான் பட்டியல் எல்லாம் கம்பெனி பெயரில் ஒரே கோப்பில் கைமாறியிருக்க வேண்டும்.