சிடி டிரைவ் திடீரென மந்தமாகிவிட்டதா?

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டரில் டிவிடி படம் திக்கித் திக்கி ஓடுகிறதா? சிடி ரைட் செய்யும்போது மவுஸ்கூட நகர மறுக்கிறதா? டிரைவை மாற்றக் காசு செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்.

மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், மேனேஜ், டிவைஸ் மேனேஜர். அங்கே ஐடிஇ (டிரைவ்களை மதர்போர்டோடு இணைக்கும் முறை) கன்ட்ரோலர்களின் கீழ் செகண்டரி ஐடிஇ சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போங்கள். கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோடில் 'பிஐஓ' என்றிருந்தால் கோளாறு அதுதான். ஒவ்வொரு துளி டேட்டாவையும் பிராசஸரே சுமக்கிறது என்று அர்த்தம். இருக்க வேண்டியது டிஎம்ஏ, அதாவது பிராசஸரைச் சுமக்க வைக்காமல் டேட்டா நேராக மெமரிக்குப் போகும் முறை.

கீறல் விழுந்த சிடியைப் படிக்கத் திணறி 6 முறை பிழை சேர்ந்தாலே எக்ஸ்பி தானாக வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் விட்டுவிடும். பிறகு தானாகத் திரும்பாது. முதலில் 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்' தேர்வு செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் அது போதாது. அந்தச் சேனலையே அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள்; விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் அமர்த்தும். பயப்பட வேண்டாம், ஃபைல் எதுவும் அழியாது.

சில நாளில் மறுபடி பிஐஓவுக்கே போனால், பட்டை ஐடிஇ கேபிளை மாற்றிப் பாருங்கள்.