மதகடிச் சண்டை: டேபிள்டாப் ஆர்பிஜிக்கு ஒரு டெல்டாப் போர்க்களம்

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது ஆளுக்கொரு வீரனாக நடித்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதில் சண்டை அமைக்க உட்கார்ந்ததும் எதிரிப் பட்டியலைப் புரட்டாதீர்கள். முதலில் இடத்தை வரையுங்கள், அடுத்து அங்கே எதிரிக்கு என்ன வேலை என்று முடிவு செய்யுங்கள். எத்தனை எதிரி என்பது அதற்கப்புறம்தான். வெட்டவெளியில் எதிரியை நிறுத்தினால் எல்லோரும் நடுவில் கூடி, ஹெச்பி (உயிர்ப்புள்ளி) தீரும்வரை பகடை உருட்டுவார்கள். காவிரிப் படுகையில் பிறந்தவருக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. வரப்பு, சேறு, வாய்க்கால், மதகு என்று காலை எங்கே வைப்பது என யோசிக்கவைக்கும் நிலம் இது.

கீழே உள்ள எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளின்படி, மூன்றாம் நிலை வீரர்கள் நான்கு பேருக்குக் கணக்கிட்டவை.

கேரம் காய்களே போதும். வெள்ளை வீரர்கள், கறுப்பு எதிரிகள், சிவப்பு தலைவன். ஆனால் காயின் அகலம் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு அங்குலக் கட்டத்தில் அடங்காமல் பக்கத்துக் கட்டத்தில் ஏறி நிற்கும், யார் எங்கே நிற்கிறார் என்ற சண்டை தனியாக நடக்கும். 3.5 சென்டிமீட்டர் கட்டமாகப் போடுங்கள். 56க்கு 71 சென்டிமீட்டர் சார்ட் பேப்பரில் அகலத்துக்கு 16, நீளத்துக்கு 20 கட்டம் வரும். ஒரு கட்டம் 5 அடி.

மேலிருந்து கீழே இப்படிப் பிரியுங்கள்: மூங்கில் கொத்தும் நாணலும் நிறைந்த அக்கரை 4 வரிசை, வாய்க்கால் 4, இக்கரை 2, நடவு வயல் 10. இக்கரையின் நடுவில் மதகு. வயலில் கீழிருந்து கரைவரை ஒரு கட்ட அகலத்தில் இரண்டு வரப்பு, நடுவே ஒரு குறுக்கு வரப்பு. வீரர்கள் கீழ் ஓரத்தில் தொடங்குகிறார்கள்.

கரைக்குப் பத்துக் கட்டம், அதாவது 50 அடி. ஒரு முறைக்கு 30 அடி நடப்பவர் வரப்பில் போனால் இரண்டாவது முறையில் கரையேறிவிடுவார். சேறு கடினத் தரை, ஒவ்வொரு அடியும் இரண்டு அடிக்குச் சமம். அதில் இறங்கினால் நான்கு முறை ஆகும். வரப்பில் வேகம் உண்டு, ஆனால் எல்லா அம்பும் அங்கேதான் வரும். ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் இதை எடைபோட வேண்டியிருப்பதுதான் இந்தக் களத்தின் உயிர்.

வரப்பு ஒன்றே ஒன்று இருந்தால் களம் கெட்டுவிடும். ஒரு எதிரி குறுக்கே நின்றதும் முன்னால் உள்ளவர் மட்டும் வெட்டுவார், பின்னால் மூன்று பேர் ரேஷன் வரிசையில் நிற்பதுபோல் நிற்பார்கள். அதனால்தான் இரண்டு வரப்பும் குறுக்கு வரப்பும்.

இப்போது எதிரியின் வேலை. மதகில் ஐந்து பலகை. ஆற்றுக்கொள்ளையர் அவற்றைப் பிடுங்கி நடவை மூழ்கடிக்க வந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு சுற்று. சுற்றுக்கு ஒரு பலகை, அதற்கு ஒருவர் தன் முறையில் செய்யும் முக்கியச் செயலான முழு ஆக்‌ஷன் செலவாகும். மதகின் மேல் ஐந்து தீக்குச்சியை அடுக்கி, பலகை போகும்போது ஒன்றை எல்லோர் கண் முன்னாலும் எடுங்கள். மூன்றாவது குச்சி போனதும் வரப்பின்மேல் தண்ணீர் ஏறி அதுவும் கடினத் தரையாகும். ஐந்தாவதும் போனால் நடவு போச்சு. பலகையைத் திரும்பச் சொருக ஒரு ஆக்‌ஷனும் வலிமைச் சோதனையில் (இருபது முகப் பகடையோடு வலிமையைக் கூட்டி) 13உம் வேண்டும். இந்தக் கணக்கை மறைக்காதீர்கள். தெரியாத ஆபத்துக்கு யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

கொள்ளையருக்கு விதிநூலில் உள்ள கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் எண்களையே எடுங்கள்: ஏசி (அடி விழ இருபது முகப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 15, ஹெச்பி 7, தாக்கிவிட்டு நழுவி ஒளியும் திறன். நாணலுக்குள் ஓடுபவனுக்கு அது அப்படியே பொருந்தும். இருவர் மதகில், இருவர் அக்கரை ஓரத்து மூங்கிலில் வில்லோடு. தலைவனுக்கு கோப்ளின் தலைவனின் எண்கள்: ஏசி 17, ஹெச்பி 21. அவன் கரையில் நின்று, அருகில் வந்தவரை வாய்க்காலில் தள்ளப் பார்ப்பான். வாய்க்காலில் ஒரு முதலை, ஹெச்பி 19. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை உண்டு என்பது டெல்டாக்காரருக்குப் புதிதல்ல. அதற்கு இரண்டுக்கு இரண்டு கட்டம் வேண்டும், குச்சி எடுத்த தீப்பெட்டியை வையுங்கள். முதலை யார் பக்கமும் இல்லை. தண்ணீரில் விழுந்தவர் யாரானாலும் கவ்வும்.

கடினம் எவ்வளவு? நான்கு கொள்ளையர் 200 எக்ஸ்பி (எதிரிக்கு விதிநூல் தரும் அனுபவப் புள்ளி), தலைவன் 200, முதலை 100, ஆக 500. மூன்று முதல் ஆறு எதிரிக்கு இரண்டால் பெருக்க வேண்டும், 1000. இந்தக் குழுவுக்கு ‘கடினம்’ என்ற படி 900இலும் ‘உயிராபத்து’ என்ற படி 1600இலும் தொடங்குவதால் இது சரியான இடம்.

நீளத்தையும் பாருங்கள். எதிரிகளின் மொத்த ஹெச்பி 68. வீரருக்குச் சுற்றுக்கு சராசரி 8 சேதம், 55 சதவீதம் அடி விழும் என்றால் நான்கு பேருக்கும் சேர்த்து 17.6. கிட்டத்தட்ட நான்கு சுற்று. ஐந்து பலகைக்கு இது நெருக்கமான போட்டி. உங்கள் குழுவின் சேதம் கூடுதல் என்றால் ஹெச்பியை ஏற்றாதீர்கள், ஒரு பலகையைக் குறையுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று உண்டு. முதல் சுற்றிலேயே வில்லாளியும் மந்திரவாதியும் பலகை பிடுங்குபவர்களைத் தூரத்திலிருந்தே வீழ்த்திவிடுவார்கள், களம் வீணாகும். மதகின் செங்கல் பக்கச்சுவரை முக்கால் மறைப்பாக வைத்தால் ஏசி ஐந்து கூடி 20 ஆகும். தாக்கும்போது பகடை எண்ணோடு 5 கூட்டுபவருக்கு 55 சதவீதமாக இருந்த வாய்ப்பு 30ஆக இறங்கும். பக்கவாட்டில் கரையேறினால் மறைப்பு இல்லை. அப்போது நடந்து போவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

தலைவன் விழுந்தாலோ கொள்ளையர் இருவர் மட்டும் மிஞ்சினாலோ ஓடிவிடட்டும். கடைசி ஆளைத் துரத்தி வெட்டும் இரண்டு சுற்றில் யாருக்கும் சுவை இருக்காது.

அதே சார்ட்டைப் பருவம் மாற்றி மறுபடி ஆடலாம். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் வாய்க்கால் வெறும் மணல். முதலை கிடையாது, கொள்ளையர் வாய்க்காலையே பதுங்குகுழியாக்குவார்கள். தை மாதம் சம்பா முற்றி நிற்கும்போது வயலில் குனிந்தவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். வில்லாளிகளின் பலம் பாதியாகிவிடும். அறுவடை முடிந்தால் தரை இறுகி எங்கும் ஓடலாம், ஆனால் வைக்கோல் போர் வந்துவிடும். அது மறைப்பும்தான், தீப்பந்தம் பட்டால் எரியும் சுவரும்தான். மதகுக்குப் பதில் களத்துமேட்டு நெல் மூட்டைகளை எதிரியின் குறியாக்குங்கள், சுற்றுக்கு ஒரு மூட்டை.

ஆட்டம் முடிந்ததும் எத்தனை குச்சி மிஞ்சியது என்று சார்ட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள். நான்கு மிஞ்சினால் மடையடி வயல் மட்டும் நனைந்தது. இரண்டு மிஞ்சினால் மறுநாள் ஊரே மூழ்கிய பயிரிலிருந்து தண்ணீர் வடிக்க இறங்கும், அடுத்த ஆட்டத்தில் வீரர்களுக்கு வழிகாட்ட ஆள் கிடைக்காது.