கனடாக்காரரிடம் பேச்சுக் கொடுப்பது எப்படி: ஓசூர், கிருஷ்ணகிரி நைட் ஷிப்ட்காரர்களுக்கு

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வெளிநாட்டு டீமோடு வேலை பார்ப்பவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அதில் கனடாவின் டொராண்டோ, வான்கூவர் ஆட்களோடு வேலை செய்பவர்கள் கேட்கும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான்: மீட்டிங்கில் எல்லோரும் வந்து சேரும்வரை, அந்த நாலைந்து நிமிஷம், என்னதான் பேசுவது? வானிலை இரண்டு நாளில் தீர்ந்துவிடும். "மைனஸ் இருபதா, அடேயப்பா" என்று எத்தனை தடவை ஆச்சரியப்பட முடியும்? நம்ம மாம்பழக் கதையும் சீசனோடு சரி.

மூன்று விஷயம் போதும்: போன் பில், சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல், அரசியல். இதே வரிசையில். கனடாக்காரருக்கு அரசியல் பேசக் கொள்ளை ஆசை இருக்கும், ஆனால் "நீங்க எந்தக் கட்சி" என்று முகத்துக்கு நேரே கேட்டால் மழுப்பிவிட்டுப் போய்விடுவார். போனையும் டிவியையும் கேளுங்கள், அரசியல் தானாக வந்து விழும்.

அதற்கு முன்னால் ஒன்று. அவரை அமெரிக்காக்காரர் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓசூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏர்போர்ட் பெங்களூரு, பெரிய ஆஸ்பத்திரி பெங்களூரு, வீட்டு வாடகை ஏறுவதும் பெங்களூருவால்தான். ஆனாலும் "நீங்க பெங்களூருதானே" என்று யாராவது கேட்டால் சுருக்கென்று இருக்கும். கனடாவுக்கும் அந்த மனசுதான். அந்த நாட்டு ஜனத்தில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்க எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் குடியிருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட தர்மபுரியிலிருந்து ஓசூர் போகிற தூரம். அவர் சொல்லும் எந்தக் கருத்தையும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் தெற்கே இருக்கும் அந்தப் பெரிய வீடு தெரியும். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, போன் பில். வலது, இடது, கிழக்கு, மேற்கு என்று எல்லாக் கனடாக்காரரும் ஒரே குரலில் திட்டும் விஷயம் இது. ரோஜர்ஸ், பெல், டெலஸ் என்ற மூன்று கம்பெனிகள் கையில்தான் மொபைல் சந்தையின் பெரும்பகுதி. "உங்க ஊர்ல டேட்டா ரொம்ப விலையாமே" என்று மட்டும் எடுத்துக்கொடுத்துவிட்டு மியூட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நாம் 84 நாளுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டாம், பெருமை பேசுகிற மாதிரி ஆகிவிடும். அவரே கேட்பார், அப்போது சொன்னால் போதும்.

பேச்சு நீண்டால் 2022 ஜூலை 8-ஆம் தேதியைக் கேளுங்கள். அன்றைக்கு ரோஜர்ஸ் நெட்வொர்க் நாடு முழுக்கப் படுத்துவிட்டது. 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு. மெயின்டனன்ஸ் வேலையில் செய்த ஒரு மாற்றம் கோர் நெட்வொர்க்கையே சாய்த்துவிட்டது. கார்டு பணப்பரிமாற்றமும் அதன்மேல்தான் ஓடியது என்பதால் கடையில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை, பலருக்கு 911 அவசர எண்ணும் கிடைக்கவில்லை. அன்று தான் எங்கே மாட்டிக்கொண்டோம் என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். நெட்வொர்க் வேலையில் இருப்பவராக நீங்கள் இருந்தால் இதில் நிஜமாகவே கற்றுக்கொள்ளவும் இருக்கிறது.

அப்புறம் ஃபேஸ்புக். 2023 ஆகஸ்டிலிருந்து கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி லிங்க் எதுவும் தெரியாது. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடு என்று அரசு சட்டம் போட்டது, கொடுக்க மாட்டோம், செய்தியையே எடுத்துவிடுகிறோம் என்று ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனி மெட்டா எடுத்துவிட்டது. அதே மாதம் வடக்கே யெல்லோநைஃப் ஊரையே காட்டுத்தீக்காகக் காலி செய்யச் சொன்னார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஜனங்களால் எந்த ரோடு திறந்திருக்கிறது என்ற செய்தியைக்கூட ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. இதில் தப்பு யார் மேல் என்று கேளுங்கள். "அமெரிக்கக் கம்பெனி மிரட்டுது" என்றால் ஆள் ஒரு பக்கம், "அரசாங்கம் தேவையில்லாம மூக்கை நுழைச்சுது" என்றால் இன்னொரு பக்கம். கட்சி பேரே எடுக்காமல் கட்சி தெரிந்துவிடும்.

ஏ.ஐ. பற்றிய பேச்சு வந்தால் ஜெஃப்ரி ஹின்டன் பெயரைச் சொல்லலாம். டொராண்டோ பல்கலைக்கழகத்துக்காரர், இன்றைய ஏ.ஐ.க்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 2024-இல் இயற்பியல் நோபல், இப்போது ஏ.ஐ. ஆபத்து என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாண்ட்ரியலின் ஏ.ஐ. ஆராய்ச்சியாளர் யோஷுவா பெஞ்சியோவும் அதே பேச்சு. "விதை போட்டது நாங்க, அறுவடை கலிஃபோர்னியாவில" என்ற பெருமூச்சு வரும். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து சரிந்த கனடாக் கம்பெனிகளான பிளாக்பெர்ரி, நோர்டெல் என்று அடுத்த பெருமூச்சும் பின்னாலேயே வரும், குறுக்கிடாதீர்கள்.

இப்போது சீரியல். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

உலகம் முழுக்க ஓடிய அமெரிக்க சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல்களில் ஒரு பெரும்பகுதி கனடாவில் எடுத்தது. எக்ஸ்-ஃபைல்ஸின் முதல் ஐந்து சீசன் வான்கூவர். ஸ்டார்கேட் எஸ்ஜி-1 பத்து சீசனும் வான்கூவர். பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவும் அங்கேதான். ஆர்ஃபன் பிளாக், தி எக்ஸ்பான்ஸ், ஸ்டார் ட்ரெக் டிஸ்கவரி எல்லாம் டொராண்டோ. காரணம் ரொம்பச் சாதாரணம்: கனடா டாலரின் மதிப்பு குறைவு, வரிச் சலுகை உண்டு, நல்ல டெக்னீஷியன்கள் அங்கேயே கிடைக்கிறார்கள். ஸ்டார்கேட்டில் எந்தக் கிரகத்துக்குப் போனாலும் அதே ஊசியிலைக் காடுதான் இருக்கும் என்பது ரசிகர்கள் மத்தியில் பழைய கிண்டல். ஆனால் அந்தக் கிண்டலுக்குள் ஒரு வருத்தமும் இருக்கிறது. டொராண்டோ நியூயார்க்காக நடிக்கும், வான்கூவர் சியாட்டிலாக நடிக்கும், தன் பெயரில் நடிக்க வாய்ப்பு அபூர்வம். தெருவில் அமெரிக்கக் கொடியும் போலீஸ் காரும் நின்றால் ஷூட்டிங் என்று தெரிந்துகொண்டு வேறு வழியில் போகும் ஜனம் அது. உங்கள் பங்குக்கு ஒகேனக்கல்லில் ஷூட்டிங் பார்த்த கதை இருந்தால் இந்த இடத்தில் எடுத்து விடுங்கள்.

பார்க்காத சீரியலைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "எதில ஆரம்பிக்கலாம்" என்று கேளுங்கள், அதைவிட அவரைச் சந்தோஷப்படுத்தும் கேள்வி கிடையாது. ஒரே எச்சரிக்கை, ஸ்டார்கேட் எஸ்ஜி-1 மட்டும் 214 எபிசோட். என்னைக் கேட்டால் தி எக்ஸ்பான்ஸ். ஆறு சீசன், 62 எபிசோட். மூன்றாவது சீசனோடு சேனல் கைவிட்டபோது ரசிகர்கள் பணம் திரட்டி, பேனர் கட்டிய விமானத்தை அமேசான் ஸ்டுடியோ மேலே பறக்கவிட்டார்கள்; அமேசான் எடுத்துக்கொண்டது.

அந்தக் கதை நம்ம மாவட்டத்துக்காரருக்குச் சட்டென்று ஒட்டும். சிறுகோள்களில் குடியிருக்கும் தொழிலாளி ஜனத்துக்குத் தண்ணீர் இல்லை. பனிக்கட்டி ஏற்றிவரும் கப்பல் ஒன்று முதல் எபிசோடிலேயே தகர்க்கப்படுகிறது, அதிலிருந்து சண்டை கிளம்புகிறது. தண்ணீருக்கு அடுத்தவன் தயவில் இருப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தர்மபுரியில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு, சின்னப் பிள்ளைகளுக்கே பல்லில் பழுப்புக் கறை, வயதானவர்களுக்கு முட்டி மடங்காது. அதற்காக ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, காவிரித் தண்ணீர் என்பதால் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது, கடைசியில் 2013-இல் குழாயில் தண்ணீர் வந்தது. இதை அந்த சீரியல் ரசிகரிடம் சொல்லிப் பாருங்கள், மீட்டிங் தொடங்கியதே தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

கைவசம் வைத்துக்கொள்ள இரண்டு தகவல். பிரிட்டிஷ் பெருமையான டாக்டர் ஹூ சீரியலை 1963-இல் பிபிசியில் உருவாக்கியதில் முக்கியப் புள்ளி சிட்னி நியூமன், டொராண்டோவில் பிறந்தவர். ஸ்டார் ட்ரெக்கில் ஸ்காட்டியாக வந்த ஜேம்ஸ் டூஹன் வான்கூவரில் பிறந்தவர். 1944 ஜூன் 6-இல் நார்மண்டியின் ஜூனோ கடற்கரையில் கனடாப் படையோடு இறங்கி, குண்டடிபட்டு வலது கை நடுவிரலை இழந்தவர். சீரியலில் அந்தக் கையை முடிந்தவரை மறைத்தே நடித்திருப்பார். இதைச் சொன்னால் தீவிர ரசிகர் உடனே பழைய எபிசோடைத் தேடப் போய்விடுவார்.

இதற்குள் அரசியல் எப்படியும் வந்திருக்கும். அடிப்படை நமக்குப் பழகியதுதான்: எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பார்கள், சபையின் ஆதரவு உள்ள தலைவர் பிரதமர். மொத்தம் 343 சீட். 2025 ஏப்ரல் தேர்தலில் மார்க் கார்னியின் லிபரல் கட்சிக்கு 169, பெரும்பான்மைக்கு மூன்று குறைவு. நம்ம ஆட்கள் உடனே "யாரோட கூட்டணி" என்பார்கள். அங்கே மைனாரிட்டி அரசு சகஜம், மசோதாவுக்கு மசோதா ஆதரவு தேடி ஓட்டிவிடுவார்கள். எம்.பி. கட்சி மாறினால் பதவி போகாது, கட்சித் தாவல் தடைச் சட்டமே கிடையாது. எழுந்து எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தால் முடிந்தது. நம்ம ஊர் ரிசார்ட் அரசியலை விளக்கிச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

நிறத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லிபரல் சிவப்பு, கன்சர்வேடிவ் நீலம், அமெரிக்காவுக்கு நேர் தலைகீழ். தொழிற்சங்கப் பக்கம் நிற்கும் என்.டி.பி. ஆரஞ்சு. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்துக்கென்றே தனிக்கட்சி உண்டு, மாநிலக் கட்சிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒரு நொடியில் புரியும், மற்ற நாட்டுக்காரர்களுக்குத்தான் கஷ்டம்.

நல்ல கேள்வி ஒன்று சொல்கிறேன். "அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி என்ற முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுதான்" என்று 2015-இல் அன்றைய லிபரல் தலைவர் ஜஸ்டின் ட்ரூடோ சொன்னார், பிரதமரான பின் 2017-இல் கைவிட்டார். அது என்னாச்சு என்று கேளுங்கள், எந்தக் கட்சிக்காரரும் பதில் வைத்திருப்பார். அதே கோபத்தில்தான், தேர்தல் முறையை மாற்றச் சொல்லும் ஒரு குழுவினர் 2025-இல் எதிர்க்கட்சித் தலைவர் பியேர் பொய்லியேவின் கார்ல்டன் தொகுதியில் நிறையப் பேரை நிற்கவைத்து வாக்குச்சீட்டை ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டார்கள். மொத்தம் 91 வேட்பாளர். உங்கள் கனடாக்காரர் அதைப் பெரிய அதிசயமாகச் சொல்லி முடித்ததும், 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1033 பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள் என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

வீட்டில் கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவர்கள் பாலையும் கேட்கலாம். அங்கே பண்ணைக்காரர் கோட்டா இல்லாமல் பால் விற்க முடியாது, அந்தக் கோட்டாவின் விலை மாட்டின் விலையைவிடப் பலமடங்கு. கொள்முதல் விலை நிர்ணயம் உண்டு, வெளிநாட்டுப் பாலுக்கு அளவு தாண்டினால் கடும் வரி. அமெரிக்கா இதைத்தான் எப்போதும் குறை சொல்லும். நுகர்வோருக்கு விலை கூடுகிறதே என்று கேட்டால் நகரத்துக்காரர் ஒன்று சொல்வார், கிராமத்துக்காரர் வேறு சொல்வார். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் பால் இன்னும் கவரில் வருகிறது என்பதையும் கேளுங்கள். மூன்று கவர் சேர்த்து நாலு லிட்டர், ஜக்கில் நிறுத்தி மூலையைக் கத்தரிப்பார்கள்.

தொடக் கூடாதவையும் உண்டு. கனடா அமெரிக்காவின் "51-ஆவது மாநிலம்" என்ற ட்ரம்ப் ஜோக்கை மறந்தும் சொல்லாதீர்கள். 2025 மார்ச்சில் ட்ரம்ப் போட்ட இறக்குமதி வரிக்குப் பதிலடியாக ஒண்டாரியோ அரசு தன் மதுக்கடைகளிலிருந்து (ஆமாம், அங்கேயும் அரசே கடை நடத்துகிறது) அமெரிக்கச் சரக்கு மொத்தத்தையும் எடுத்துவிட்டது. 2023-இல் தொடங்கிய இந்தியா-கனடா தகராறும் ஆபீஸ் காலில் வேண்டாம், அவரே எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், போதும். அந்தப் பக்கம் இருப்பவர் ஈழத்தமிழ்க் குடும்பம் என்றால், அண்ணா, அக்கா என்று தமிழிலேயே பேசுங்கள், அவர்கள் பேச்சை மட்டும் போலி செய்து காட்டாதீர்கள். எந்த வருஷம் வந்தீர்கள் என்ற கேள்விக்குப் பின்னால் என்னென்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

கடைசியாக, கடிகாரம். டொராண்டோவின் காலை ஒன்பது மணி நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைப்பார்கள். காலண்டர் அழைப்பை அவர்கள் நேரத்தில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். அந்தத் திங்கட்கிழமை பேச விஷயமும் ரெடியாக இருக்கும்: இந்த மாற்றத்தை ஒழிக்க ஒண்டாரியோ 2020-லேயே சட்டம் போட்டுவிட்டது, ஆனால் பக்கத்து கியூபெக்கும் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலமும் ஒழித்தால்தான் அமலுக்கு வரும் என்று அதில் ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறது.