மேஜிக் ஆட்டத்தில் டேமேஜ் கணக்கு: எங்கே சறுக்குகிறோம்?

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டம். எதிரில் இருப்பவர் 3/3 ஹில் ஜெயன்ட் என்ற கிரீச்சரை (சண்டை போடும் கார்டு) விட்டு அட்டாக் செய்கிறார். முதல் எண் அது எவ்வளவு அடிக்கும் என்பது, இரண்டாவது (டஃப்னஸ்) எவ்வளவு டேமேஜ் வாங்கினால் சாகும் என்பது. நீங்கள் உங்கள் 2/2 கிரிஸ்லி பேர்ஸை வைத்து பிளாக் செய்கிறீர்கள். அவர் 3 டேமேஜ் கொடுக்கும் லைட்னிங் போல்ட் என்ற ஸ்பெல்லைப் (மந்திரக் கார்டு) போட்டு உங்கள் கரடியைத் தீர்த்துவிட்டு, “தடுக்க ஆளில்லை, மூணு லைஃப் குறைச்சுக்கோ” என்கிறார். புதிதாக ஆடுகிறவர்கள் பலரும் மறுபேச்சில்லாமல் குறைத்துக்கொள்வார்கள். நானும் பல நாள் குறைத்திருக்கிறேன்.

ஒன்றுகூடக் குறைக்க வேண்டியதில்லை. பிளாக் அறிவித்த அந்த நொடியிலேயே ஹில் ஜெயன்ட் ‘பிளாக் ஆன கிரீச்சர்’ ஆகிவிட்டது. அதன்பிறகு தடுத்த கிரீச்சர் செத்தாலும், கைக்குத் திரும்பினாலும், அந்த முத்திரை போகாது. ஜெயன்ட்டிடம் ட்ராம்பிள் (பிளாக்கருக்குப் போக மிச்ச டேமேஜ் ஆட்டக்காரர் மேல் விழும் திறன்) இல்லையென்றால் அது யாரையும் அடிக்காமல் சும்மா நிற்கும். ட்ராம்பிள் இருந்தால் மட்டும் கதை வேறு: அடிக்க பிளாக்கரே இல்லாததால் மொத்த டேமேஜும் உங்கள் மேல்தான்.

மேஜிக்: தி கேதரிங் 1993 முதல் இருக்கிற ஆட்டம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கியது. அதன் சண்டை விதிகளில் நாம் செய்யும் தப்புகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஓடி வருகிறான், குறுக்கே ஒருவன் பாய்கிறான், அவன் விழுந்ததும் இவன் மேலே ஓடுகிறான் என்று சினிமா சண்டை போல மனதில் ஓட்டிப் பார்க்கிறோம். விதிகளில் அப்படி ஓட்டமே கிடையாது. அட்டாக் அறிவிக்கும் கட்டம், பிளாக் அறிவிக்கும் கட்டம், டேமேஜ் கட்டம் என்று தனித்தனியாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நடக்க வேண்டியது நடந்துவிட்டால், பின்னால் போய் மாற்ற முடியாது.

டேப் செய்யும் (பயன்படுத்தியதைக் காட்ட கார்டைப் பக்கவாட்டில் திருப்பும்) விஷயமும் இதே ரகம். அட்டாக் செய்ய வந்த கிரீச்சரை நடுவில் டேப் செய்தால் அது சண்டையிலிருந்து விலகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. விலகாது. அட்டாக் செய்யும்போதே பெரும்பாலான கிரீச்சர்கள் டேப் ஆகித்தானே நிற்கின்றன! பிளாக்கரும் அப்படித்தான். பிளாக் அறிவித்த பிறகு அதை டேப் செய்தால் பயனில்லை, வழக்கம்போல டேமேஜ் கொடுக்கும். டேப் செய்து தடுக்க வேண்டுமென்றால் அட்டாக் அறிவிப்பதற்கு முன்பே, பிளாக்கரானால் பிளாக் அறிவிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

அடுத்தது ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக். இந்த ஒரு சொல்லுக்குத்தான் எங்கள் மேஜையில் அதிகம் சண்டை வந்திருக்கிறது. சாதாரணமாக எல்லா கிரீச்சரும் ஒரே நேரத்தில் அடிக்கும். யாராவது ஒன்றிடம் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்கோ (முதலில் அடிக்கும் திறன்) டபுள் ஸ்ட்ரைக்கோ (முதலிலும் பிறகும் இருமுறை அடிக்கும் திறன்) இருந்தால், டேமேஜ் கட்டம் இரண்டாகப் பிரியும். 2/2 ஒயிட் நைட்டிடம் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் உண்டு. கிரிஸ்லி பேர்ஸோடு மோதினால் கரடி திருப்பி அடிப்பதற்குள் செத்துவிடும். ஹில் ஜெயன்ட்டோடு மோதினால்? நைட் முதலில் 2 அடிக்கும், ஜெயன்ட்டுக்கு டஃப்னஸ் 3, அது நிற்கும். அப்புறம் அதன் முறை வந்து நைட்டை நசுக்கிவிடும். ‘முதலில் அடிக்கும்’ என்றால் முதலில் அடிக்கும், அவ்வளவுதான். அடி வாங்காது என்று பொருளில்லை.

ஆனால் அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது, அதில் ஸ்பெல் போடலாம். நைட் 2 அடித்த பிறகு ஜெயன்ட் மேல் ஒரு லைட்னிங் போல்ட்டைப் போட்டால் அது திருப்பி அடிக்காமலே போய்ச் சேரும். அதே இடைவெளியில் ஜெயன்ட்டின் சொந்தக்காரர் தன் ஜெயன்ட்டுக்கு ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அது முதல் கட்டத்தில் அடிக்கவில்லை, அதனால் இரண்டாவதில் வழக்கம்போல அடிக்கும்.

பழைய ஆட்டக்காரர்களிடம் கற்றுக்கொண்டவர்களுக்கு இன்னொரு தொல்லை. 2009க்கு முன்பு டேமேஜும் ஸ்பெல்லைப் போல ஸ்டாக்கில் (போட்டவை நிறைவேறும்வரை இருக்கும் அடுக்கு) ஏறிக் காத்திருக்கும். மாக் ஃபனாட்டிக் என்று ஒரு 1/1 கார்டு. அதைப் பலி கொடுத்தால் 1 டேமேஜ் கொடுக்கலாம். அன்றைக்கு அதன் சண்டை டேமேஜை ஸ்டாக்கில் ஏற்றிவிட்டு உடனே பலியும் கொடுத்து, மொத்தம் 2 அடித்து ஒரு கரடியையே வீழ்த்துவார்கள். 2009இல் மேஜிக் 2010 என்ற செட்டோடு (கார்டுத் தொகுப்பு) வந்த விதி மாற்றத்தில் அது போனது. இப்போது டேமேஜைப் பங்கிட்டதும் அந்தக் கணமே விழும், நடுவில் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஃபனாட்டிக் சண்டை போடலாம் அல்லது பலியாகலாம், இரண்டும் சேர்த்துக் கிடையாது.

பல பிளாக்கர்கள் சேர்ந்து தடுக்கும்போது இன்னும் புதிய மாற்றம் ஒன்று இருக்கிறது. 2010 செட்டிலிருந்து, அட்டாக் செய்தவர் பிளாக்கர்களை வரிசைப்படுத்தி, முதலாவதுக்குச் சாகுமளவு டேமேஜ் ஒதுக்கிய பிறகே அடுத்ததுக்குப் போக முடியும் என்றிருந்தது. 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் செட் வந்தபோது அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள். பழைய வீடியோ பார்த்துப் படித்தவர்கள் இங்கே கட்டாயம் தடுக்கி விழுவார்கள். 6/4 க்ரா வர்ம் ஒன்றை மூன்று கரடிகள் சேர்ந்து தடுக்கின்றன என்று வையுங்கள். பழைய விதியில் வரிசையின் முதல் கரடிக்கு, அந்த டர்னுக்கு மட்டும் +3/+3 கொடுக்கும் ஜெயன்ட் க்ரோத் ஸ்பெல்லைப் போட்டு 5/5 ஆக்கினால், அதற்கே 5 போய்விடும், மிச்சம் 1தான். மற்ற இரண்டும் பிழைத்துவிடும். இப்போது எதிராளி அந்தப் பெரிய கரடியை அப்படியே விட்டுவிட்டு, மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்துக் கொன்றுவிடுவார். தடுத்தவருக்கு இது நஷ்டம்தான். ஆனாலும் எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது, புதியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய ஒரு பாடம் குறைந்தது.

ட்ராம்பிளுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. எல்லா பிளாக்கருக்கும் சாகுமளவு ஒதுக்கிய பிறகுதான் மிச்சம் ஆட்டக்காரருக்குப் போகும். 6/6 கொலாசல் ட்ரெட்மாவை ஒரு கரடி தடுத்தால் கரடிக்கு 2, உங்களுக்கு 4. இதே ட்ரெட்மாவுக்கு யாராவது டெத்டச் கொடுத்துவிட்டால் 1 டேமேஜே சாகுமளவு என்று கணக்கு. கரடிக்கு 1, உங்களுக்கு 5. கரடி இன்டிஸ்ட்ரக்டிபிளாக இருந்தாலும் இதே கணக்குதான். அது சாகாது, ஆனால் ஒதுக்கீட்டில் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

விழுந்த டேமேஜ் அந்த டர்ன் முடியும்வரை கிரீச்சர் மேலேயே இருக்கும் என்பதையும் மறந்துவிடுகிறோம். சண்டையில் 2 வாங்கிப் பிழைத்த ஜெயன்ட்டுக்கு, அப்புறம் யாராவது -1/-1 கொடுத்தால் அது அங்கேயே முடிந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜெயன்ட் க்ரோத்தால் 5/5 ஆன கரடி 4 டேமேஜ் வாங்கியிருக்கிறது. டர்ன் முடிவில் +3/+3 போனதும் செத்துவிடும் என்று அதைத் தூக்கிக் கல்லறையில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். டேமேஜும் அந்த ஊக்கமும் ஒரே நேரத்தில் நீங்கும். கரடி பிழைத்துக்கொள்ளும்.

லைஃப்லிங்க் (கிரீச்சர் கொடுக்கும் டேமேஜ் அளவுக்கு அதை ஆடுபவருக்கு லைஃப் ஏறும் திறன்) பற்றி ஒரு வார்த்தை. அது டேமேஜோடு சேர்ந்தே நடக்கும். உங்களிடம் 3 லைஃப், தடுக்காமல் விட்ட ஜெயன்ட் 3 அடிக்கிறது, அதே நேரம் உங்கள் லைஃப்லிங்க் கிரீச்சர் வேறொன்றைத் தடுத்து 2 அடிக்கிறது. நீங்கள் 2 லைஃபோடு ஆட்டத்தில் இருக்கிறீர்கள். ஜெயன்ட்டிடம் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் இருந்தால் மட்டும், லைஃப் வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

கமாண்டர் என்ற தலைமைக் கார்டு ஒன்றை வைத்து ஆடும் கமாண்டர் வகை ஆடுகிறவர்களுக்கு: 40 லைஃபில் ஆரம்பித்தாலும், ஒரே கமாண்டரிடம் மொத்தம் 21 சண்டை டேமேஜ் வாங்கினால் தோல்வி. கமாண்டர் தன் திறனால் தூரத்திலிருந்து சுடும் டேமேஜ் இதில் சேராது, இரண்டு வெவ்வேறு கமாண்டர்கள் கொடுத்ததைக் கூட்டவும் கூடாது. நடுவில் எத்தனை லைஃப் ஏறினாலும் அந்த எண்ணிக்கை இறங்காது. அதனால் லைஃபுக்கு ஒரு டைஸ் வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, எந்த கமாண்டர் எவ்வளவு அடித்தது என்று ஆளுக்கொரு பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள்.